குட்டிக்குச் சோறு இறங்காத வாரம்

என் சமையலைக் குறை சொன்னவர்கள் உண்டு. என் மாமியார் இருபது வருஷம் சொன்னார். உப்புக் குறைச்சல் என்பார், புளி தூக்கல் என்பார், நேற்று வைத்த குழம்பே தேவலை என்பார். சொல்லிக்கொண்டே இரண்டாம் தடவை சோறு வாங்கிக்கொள்வார். ஆனால் நான் போட்டதைத் தொடாமல் எழுந்து போனவர் என்று ஒருவரும் கிடையாது. இதைப் பெருமையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தேன். போன தை மாதக் கடைசியில் அந்தப் பெருமை போயிற்று. போக்கடித்தவளுக்கு வயது நாற்பத்தைந்து நாள்.

என் அண்ணனுக்கு உப்பிலியபுரத்தில் சின்ன வெங்காய விவசாயம். அறுவடைக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை தோறும் லோடு ஏற்றிக்கொண்டு திருச்சி மார்க்கெட்டுக்கு வருவார். இறக்கிவிட்டு, ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து, என் கையால் சாப்பிட்டுவிட்டுத்தான் ஊர் திரும்புவார். அந்த ஞாயிறு வரும்போது கையில் ஒரு சாக்கு இருந்தது. வெங்காயம்தானே என்று வாங்கினேன். சாக்கு நெளிந்தது.

"காட்டுல காவலுக்கு இருக்கற நாய் ஆறு குட்டி போட்டுச்சு. அஞ்சுக்கு ஆள் வந்துட்டாங்க. இது கடைக்குட்டி. நீதான் பகல் பூரா தனியா கெடக்கியே, வெச்சுக்க" என்றார் அண்ணன்.

செவலை நிறம். வால் நுனியில் மட்டும் சுண்ணாம்பு தொட்ட மாதிரி வெள்ளை. சாக்கிலிருந்து வெளியே வந்ததும் நேராகப் போய், உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரின் செருப்புக் காலின் மேல் படுத்துக்கொண்டது.

அவருக்கு அரியமங்கலத்தில் ஒரு லேத் பட்டறை. முப்பது வருஷ இரும்புச் சத்தத்தில் இடது காது முழுசாகப் போய்விட்டது. வலது காது கேட்கும், ஆனால் அவருக்கு வேண்டியதை மட்டும்தான் கேட்கும். பேச்சும் அவ்வளவுதான். மகளைக் கட்டிக்கொடுத்து வெளியூர் அனுப்பிய பிறகு எங்களுக்குள் பால், கேஸ் சிலிண்டர், கரண்ட் பில் இவை மூன்றைத் தவிர வேறு பேச்சே இல்லாமல் இருந்தது.

"நாயெல்லாம் வேண்டாம் மச்சான். யாரு பாக்கறது?" என்றார் அவர்.

"நான் பாக்கறேன்" என்றேன்.

"அப்ப எனக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல." பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். காலை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை. குட்டியும் எழுந்திருக்கவில்லை.

எனக்கு ஏன் அவ்வளவு ஆசை என்று கேட்டால், உண்மையைச் சொல்லிவிடுகிறேன். காலை எட்டு மணிக்கு அவர் பட்டறைக்குப் போனால் வர இரவு ஏழாகும். நடுவில் எனக்குத் திட்டுவதற்கு ஆள் இல்லை. திட்டாமல் இருந்தால் எனக்கு உடம்பு நன்றாக இருப்பதில்லை.

அண்ணன் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியதும் முதல் வேலையாக ராஜகோபுரத்துக்குப் பக்கத்துக் கடையில் கொட்டைப்பாக்கு அளவில் ஒரு வெண்கல மணி வாங்கி வந்தேன். எங்கள் பக்கத்தில் அது ஒரு வழக்கம். கன்றோ, ஆட்டுக்குட்டியோ, நாய்க்குட்டியோ, புதிதாக வீட்டுக்குள் ஒரு உயிர் வந்தால் கறுப்புக் கயிற்றில் மணி கோத்துக் கழுத்தில் கட்டிவிட வேண்டும். கண் படாது. எங்கே போய் ஒளிந்தாலும் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். கட்டிவிட்டு நாலு அடி தள்ளி நின்று பார்த்தேன். கண் படக்கூடாது என்று கட்டிய மணியே அதற்கு அவ்வளவு அழகாக இருந்தது.

பிறகு விருந்து. பச்சரிசிச் சோற்றைக் குழைய வடித்து, கையால் மசித்து, ஆடைத்தயிர் விட்டுப் பிசைந்து, எவர்சில்வர் தட்டில் வைத்தேன். கொல்லைப்புறத்துச் சிமெண்டுத் தரையில் குட்டி வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தது. மோந்து பார்த்தது. குனிந்தது. அடுத்த நொடி ணங்கென்று ஒரு சத்தம். தட்டை முட்டித் தள்ளிவிட்டு, துவைக்கிற கல்லுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. மறுபடி கூப்பிட்டேன். வந்தது, குனிந்தது, ணங். மறுபடி கல்லுக்குப் பின்னால்.

கல்யாணப் பந்தியில் சம்பந்தி வீட்டுக்காரர்கள் கோபித்துக்கொண்டு இலையைத் தள்ளிவிட்டு எழுந்திருப்பார்களே, அதேதான். எனக்குச் சுருக்கென்றது. "என்னடி கொறச்சல் அதுல?" என்று கேட்டேன். காதைப் பின்னால் மடித்துக்கொண்டு என்னைப் பார்த்தது. அவமானப்பட்டது நான், முகத்தை அப்படி வைத்துக்கொண்டது அது.

மறுநாள் திங்கட்கிழமை. கேழ்வரகுக் கஞ்சி, ணங். பாலில் ஊறவைத்த பன், ணங். கடையில் விற்கும் நாய்த் தீனியை வாங்கி வெந்நீரில் ஊறவைத்தேன், அதற்கும் ணங். தண்ணீர் மட்டும் பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் சளக் சளக்கென்று குடித்தது. தரையில் சிந்திய சோற்றுப் பருக்கையை ஒன்று விடாமல் பொறுக்கியது. என் கையில் வைத்து நீட்டினால் விரலையும் சேர்த்து விழுங்கப் பார்த்தது. தட்டில் வைத்தால் மட்டும் ஆகாது.

"மகாராணிக்கு ஊட்டி விடணுமாம்" என்று அவரிடம் சொன்னேன்.

"எனக்கும் அதுக்கும் சம்பந்தமில்லன்னு சொன்னேனே" என்றார்.

அன்று சாயங்காலம் சம்பந்தமில்லாதவர் பட்டறையிலிருந்து வரும்போது பையில் ஒரு கனமான சாமானோடு வந்தார். மிச்சமிருந்த ஸ்டெயின்லெஸ் உருளையை லேத்தில் ஏற்றி, உள்ளே குடைந்து, அடியை அகலமாக்கி, விளிம்பை உருட்டி, பளபளவென்று பாலிஷ் போட்ட கிண்ணம். இரண்டு கிலோ இருக்கும்.

"தட்டு லேசா இருக்கு. அது முட்டுனா நகருது. அதான் புடிக்கல" என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இது பூகம்பம் வந்தாலும் கவுராது."

கவிழவில்லைதான். ஆனால் ணங் இன்னும் பெரிதாகியது. குட்டி குனிந்ததும் கோயில் மணி அடித்த மாதிரி கிண்ணம் அதிர்ந்தது. குட்டி கொல்லைப்புறம் முழுவதும் ஒரு சுற்று ஓடிவிட்டுக் கல்லுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது. "இப்பல்லாம் மூஞ்சியாலயே ஓங்கி அடிக்குது" என்றேன். அவர் கிண்ணத்தை எடுத்து, தூக்கிப் பிடித்து, விளிம்பில் பிசிறு ஏதாவது இருக்கிறதா என்று விரலால் தடவித் தடவிப் பார்த்தார். சத்தம் அவர் காதில் விழுந்திருக்காது. மனுஷர் அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

மாடியில் வீட்டுச் சொந்தக்கார மாமி இருக்கிறார். கோயில் குடும்பம். எழுபது வயதிலும் தினமும் பெருமாளைச் சேவித்துவிட்டு வந்துதான் வாயில் காபி படும். வாடகைக்கு வரும்போதே எங்களிடம் ஒரே ஒரு நிபந்தனைதான் சொன்னார்: முட்டையும் மாமிசமும் வாசற்படி தாண்டக்கூடாது. செவ்வாய்க்கிழமை காலை மாடிப்படியில் நின்றே குட்டியைப் பார்த்தார்.

"தத்தியோன்னம் குடுத்துப் பாத்தியோ?"

"தயிர்சாதம்தானே மாமி, மொத நாளே குடுத்தேன். திங்கல."

"கொழந்தைக்கு திருஷ்டிடி. வேறொண்ணுமில்ல. ஆத்துக்குள்ள வரும்போதே நாலு பேர் கண்ணு பட்டிருக்கும்." உள்ளே போய், எந்தக் காலத்துப் பல்லாங்குழியிலிருந்தோ ஒரு தடித்த சோழியை எடுத்து வந்து மேலிருந்தே போட்டார். "அந்தக் கயத்துலயே இதையும் கோத்து விடு. சாயரட்சைக்குள்ள சாப்பிடும் பாரேன்."

கோத்து விட்டேன். மணிக்குப் பக்கத்தில் சோழி. மாமி கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து ஒரு முட்டையை அவித்து, மஞ்சள் கருவை மட்டும் சோற்றோடு மசித்துக் கிண்ணத்தில் வைத்தேன். வாசனை போக வீடெல்லாம் சாம்பிராணி போட்டேன். இந்தத் தடவை ணங்கோடு டக்கென்று இன்னொரு சத்தமும் சேர்ந்துகொண்டது. குட்டி ஓடியே போய்விட்டது. மாமி திரும்பி வந்து, "என்னடி இது, வெள்ளிக்கிழமைகூட இல்ல, இத்தனை சாம்பிராணி?" என்று மூக்கை உறிஞ்சினார். திருஷ்டிக்கு மாமி, திருஷ்டிக்கு என்றேன். குட்டி வேண்டாமென்றதை எல்லாம் கொட்ட மனசு வராமல் நானே சாப்பிட்டேன். அந்த வாரத்தில் எங்கள் வீட்டில் எடை ஏறியது நான் ஒருத்திதான்.

அன்று சாயங்காலம் அவர் பட்டறையிலிருந்து இன்னொரு சாமான் கொண்டுவந்தார். ஒரு பித்தளை வில்லை. அதில் எங்கள் போன் நம்பரை வெட்டியிருந்தார். "வாசக்கதவு தொறந்தே கெடக்கு. ஓடிப்போச்சுன்னா யாராச்சும் கூப்பிடணும்ல" என்று சொல்லி, அவரே குனிந்து, மணிக்கும் சோழிக்கும் நடுவில் மாட்டிவிட்டார். பசியில் எங்கே ஓடப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"பேர் வைக்கலியா?" என்று கேட்டேன். குட்டி, ஏய், மகாராணி என்றுதான் அதுவரை கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"சாப்பிடட்டும். அப்பறம் வெக்கலாம்" என்றார்.

பெயர் வைப்பதில் எங்கள் வீட்டில் ஒரு பழைய கதை உண்டு. மகள் பிறந்தபோது அவர் ஒரு பெயரைச் சொன்னார். என் அண்ணன், "என்ன மாப்ள, கெழவி பேரா இருக்கு!" என்று சிரித்தார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அண்ணனும் நானும் பேசி முடிவு செய்த பெயரையே வைத்தோம். அதற்குப் பிறகு எதற்கும் பெயர் வைக்க அவர் வாய் திறந்ததில்லை. பட்டறைக்கு இன்றைக்கும் பெயர்ப்பலகை கிடையாது.

புதன்கிழமை அவர் பட்டறைக்கு லீவு போட்டார். முப்பது வருஷத்தில் மகள் கல்யாணத்துக்கு மூன்று நாள் போட்டது தவிர எனக்கு ஞாபகமில்லை. குட்டியை ஒயர் கூடையில் வைத்து மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தேன். காவேரிப் பாலத்தில் பஸ்ஸும் ஆட்டோவும் அடித்த ஹாரனுக்கெல்லாம் குட்டி அசையவில்லை. மணி மட்டும் ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஆடியது.

தில்லை நகரில் கால்நடை டாக்டர் சின்ன வயசுக்காரர். வாயைத் திறந்து பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், புழு மருந்து கொடுத்தார். பிறகு டிராயரைத் திறந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினார். குட்டி ஒரே வாயில் விழுங்கிவிட்டு அவர் கையை நக்கியது. என் மானம் அந்த மேஜை மேலேயே போனது.

"ஒரு கொறையும் இல்லம்மா. கையில ஊட்டி ஊட்டிக் கெடுத்து வெச்சிருக்கீங்க" என்றார் டாக்டர். "இனிமே கையில குடுக்கவே கூடாது. கிண்ணத்துல வைங்க, பதினஞ்சு நிமிஷம் பாருங்க, சாப்பிடலன்னா எடுத்துருங்க. பசிச்சா தானா வரும். ஆனா இன்னும் எடை கொறைஞ்சா எனக்கே பயமாத்தான் இருக்கும். சின்ன உசுரு, தாங்காது. அப்பறம், வெங்காயம் மட்டும் போட்றாதீங்க, நாய்க்கு ஆகவே ஆகாது."

வெங்காயம் ஆகாது என்பதை அண்ணனிடம் போனில் சொன்னபோது, குட்டி சாப்பிடாததைவிட அதற்குத்தான் அவர் அதிகம் வருத்தப்பட்டார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "ஞாயித்துக்கெழமை வரைக்கும் பாரு தங்கச்சி. அப்பவும் திங்கலன்னா நான் வந்து எடுத்துட்டுப் போயிடறேன். தாய்கிட்ட இன்னும் பால் இருக்கு. தேறுச்சுன்னா, பச்சமலை அடிவாரத்துல ஒருத்தர் ஆட்டுக்குக் காவலுக்குக் கேட்டிருக்காரு, குடுத்துடலாம். உங்க வீட்டுல கெடந்து சாகறதுக்கு அது மேல்."

போனை வைத்துவிட்டு ரொம்ப நேரம் அடுப்பங்கரையில் நின்றேன். நாலு நாள் பழக்கம்தான். ஆனால் நான் பாத்திரம் தேய்த்தால் கூடவே கல்லடியில் வந்து உட்காரும். நான் திட்டினால் தலையைச் சாய்த்து முழுவதும் கேட்கும். முப்பது வருஷத்தில் யாரும் நான் சொல்வதை அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. அதை ஏதோ அடிவாரத்துக்கு அனுப்ப எனக்கு மனசில்லை. என் கண் எதிரில் மெலிந்து போகவிடவும் மனசில்லை.

டாக்டர் சொன்னபடி செய்தோம். வேளாவேளைக்குக் கிண்ணம், பதினைந்து நிமிஷம், ணங், டக், டிங். வில்லை வந்தபிறகு மூன்று சத்தம். பதினைந்து நிமிஷம் முடிந்ததும் எடுத்துவிடுவேன். எடுக்கும்போது அவரும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டோம். வெள்ளிக்கிழமை மத்தியானம் எனக்குப் பொறுக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு, இரண்டு உருண்டை சோற்றைக் கையில் வைத்து ஊட்டினேன். அவருக்குத் தெரிந்தால் டாக்டர் பேச்சைக் கேட்கவில்லை என்பார். சனிக்கிழமை அவர் சட்டையைத் துவைக்க எடுத்தபோது, பாக்கெட் முழுக்க பிஸ்கட் தூள். காலையில் பல் தேய்க்கிற சாக்கில் கொல்லைப்புறத்தில் அவ்வளவு நேரம் நிற்பது எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. நான் கேட்கவில்லை. கேட்டால் நானும் சொல்ல வேண்டிவரும். இரண்டு திருட்டுக் கையால்தான் அது உயிரோடு இருந்தது. ஆனாலும் விலா எலும்பு ஒவ்வொன்றாகத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அண்ணன் வந்தார். தோளில் காலிச் சாக்கு. வழக்கம் போல அவருக்குச் சாம்பார், வெண்டைக்காய்ப் பொரியல், ரசம் எல்லாம் அடுப்பில் தயாராக இருந்தன. அந்தச் சாக்கைப் பார்த்ததும் உட்காருங்கள் என்றுகூட எனக்குச் சொல்லத் தோன்றவில்லை.

அண்ணன் குட்டியைத் தூக்கி விலாவைத் தடவிப் பார்த்தார். "எலும்பு தட்டுது புள்ள. இதுக்கு மேல வெச்சுக்கறது பாவம்" என்றார்.

நான் ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருப்பது எனக்குப் பழக்கமில்லாததால் அண்ணனே கொஞ்சம் பயந்துவிட்டார்.

அப்போது என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து வந்தார். "ஒரு நிமிஷம் மச்சான்" என்று சொல்லிச் சிமெண்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். குட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அதன் கழுத்துக் கயிற்றின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார். இரும்பைப் பிடித்துப் பிடித்துக் காய்ப்பேறிய விரல்கள். முடிச்சு லேசில் வரவில்லை. அவரும் விடவில்லை.

"இது மட்டும் இங்க இருக்கட்டும்" என்றார். மணி, சோழி, வில்லை மூன்றையும் கயிறோடு கைக்குள் வைத்து மூடிக்கொண்டார். நான் உள்ளே போய் அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அழுதுகொண்டே தயிர்சாதம் பிசைந்தேன். சாப்பிடாது என்று தெரியும். ஆனாலும் என் வீட்டிலிருந்து ஒரு உயிரை வெறும் வயிற்றோடு வண்டி ஏற்றிவிட முடியாது. முதல் நாள் வைத்த அதே பச்சரிசி, அதே ஆடைத்தயிர். அவர் செய்த கிண்ணத்தில் போட்டு, வழக்கமான இடத்தில் வைத்தேன்.

குட்டி வந்தது. கிண்ணத்துக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. காதைப் பின்னால் மடித்துக்கொண்டது. மெதுவாகக் கழுத்தை நீட்டிக் குனிந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டது. எதற்கோ காத்திருப்பது போல அப்படியே நின்றது. ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நக்கு நக்கிவிட்டுத் துள்ளிப் பின்னால் போனது. திரும்பிப் பார்த்தது. ஒரு சத்தமும் இல்லை. மறுபடி வந்து ஒரு நக்கு. மறுபடி பின்னால். மூன்றாவது தடவை பின்னால் போகவில்லை.

அப்புறம் அது சாப்பிட்ட சாப்பாடு இருக்கிறதே! முகம் முழுவதும் கிண்ணத்துக்குள். வால் சுற்றுகிற சுற்றில் பின்னங்கால் இரண்டும் தரையிலிருந்து எழும்பின. பூகம்பத்துக்கு அசையாத கிண்ணம் தரையில் தேய்ந்துகொண்டே போய்ச் சுவரில் முட்டி நின்றது. தீர்ந்த பிறகும் உள்பக்கத்தை நக்கிக்கொண்டே இருந்தது.

"இதுவா திங்காதுன்ன?" என்றார் அண்ணன்.

என் வீட்டுக்காரர் குட்டியைப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார், தன் மூடிய கையைப் பார்த்தார். கையைத் திறந்து, கயிற்றின் ஒரு முனையைப் பிடித்து, கிண்ணத்தின் விளிம்பில் லேசாகத் தட்டினார். ணங், டக், டிங். குட்டி ஒரே தாவலில் துவைக்கிற கல்லுக்குப் பின்னால்.

ஒரு வாரமாக அது தட்டை முட்டவும் இல்லை, சோற்றை வெறுக்கவும் இல்லை. குனியும்போதெல்லாம் கழுத்து மணி விளிம்பில் இடித்து மூஞ்சிக்கு நேரே அதிர்ந்திருக்கிறது. பயந்து ஓடியிருக்கிறது. சாப்பிடவில்லையே என்று நாங்கள் ஒவ்வொன்றாகக் கட்டிக் கட்டிச் சத்தத்தைப் பெரிதாக்கியிருக்கிறோம்.

எங்கள் வீட்டில் எது கெட்டாலும் யார் மேல் தப்பு என்று ஒரு மணி நேரம் நடக்கும். பால் பொங்கினால்கூட நடக்கும். அன்று அவர் கிண்ணத்தைக் கையில் எடுத்து, "நான் செஞ்சதுதான் அதைப் பட்டினி போட்ருக்கு" என்றார்.

"மணி கட்டினது நானு. கட்டாம இருந்தா எந்தக் கிண்ணம் என்ன பண்ணும்?" என்றேன்.

"இல்ல, தட்டோட விட்டிருந்தா இவ்வளவு சத்தம் வந்திருக்காது."

"தட்டுலயும் வந்துச்சுங்க. எனக்குக் காது கேக்குதில்ல? நான்தான் முட்டுதுன்னு நெனைச்சேன்."

"சோழி போட்ட மாமிய ரெண்டு பேரும் விட்டுட்டீங்களே" என்றார் அண்ணன். மேலே மாடிப்படியிலிருந்து மாமியின் குரல் வந்தது: "சாப்டுடுத்தா? நான் அன்னிக்கே சொன்னேனே, தத்தியோன்னம் குடுன்னு!"

சிரித்தேன். சிரித்துக்கொண்டே அவர் கையிலிருந்து கயிற்றை வாங்கினேன். இனி இது பூஜை அலமாரியில் கிடக்கட்டும் என்று சுருட்டும்போது வில்லை புரண்டது. போன் நம்பர் இருந்த பக்கத்துக்குப் பின்னால், குட்டியின் தொண்டையோடு ஒட்டியிருந்த பக்கத்தில், ஏதோ எழுத்து. வெளிச்சத்தில் திருப்பிப் பிடித்துப் படித்தேன். ஒரு பெயர். மகளுக்கு வைக்க வேண்டுமென்று அவர் சொல்லி, அண்ணனும் நானும் சிரித்துத் தள்ளிய அதே பெயர். செவ்வாய்க்கிழமையே வெட்டியிருக்கிறார். சாப்பிடட்டும், அப்புறம் பெயர் வைக்கலாம் என்று என்னிடம் சொன்ன அன்றே, யாருக்கும் தெரியாமல் வைத்துவிட்டார்.

அவர் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து குட்டியை வெளியே அழைத்துக்கொண்டிருந்தார். நான் அவருக்குப் பின்னால் நின்று அந்தப் பெயரைச் சொல்லி அதைக் கூப்பிட்டேன். குட்டி திரும்பவில்லை. அவர் திரும்பினார். நான் நின்றது அவருடைய கேட்காத காதுப் பக்கம்.

அதற்குப் பிறகு இன்னொரு கிண்ணம் சோறு, அதற்குப் பிறகு அது கால் பரப்பித் தூங்கியது, அதை நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தது என்று நேரம் போனதே தெரியவில்லை. அண்ணன் எப்போது சொல்லிக்கொண்டு கிளம்பினார் என்றுகூடச் சரியாக ஞாபகமில்லை. இரண்டு மணிக்கு போன் வந்தது.

"துறையூர் தாண்டி ஒரு ஓட்டல்ல உக்காந்து பரோட்டா திங்கறேன்" என்றார். "காலையில நாலு மணிக்குக் கெளம்புனவன். நாய் திங்கறத பாக்க வெச்சே அனுப்பிட்டீங்கல்ல. எனக்கும் கழுத்துல ஒரு மணி கட்டியிருந்தா, நான் இருந்தது ஞாபகம் இருந்திருக்கும்."

அடுப்பங்கரையை எட்டிப் பார்த்தேன். சாம்பார், பொரியல், ரசம், எல்லாம் மூடியபடி இருந்தன. என் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் போனவர் யாருமில்லை என்று இனி எந்த ஜென்மத்திலும் நான் சொல்லிக்கொள்ள முடியாது. நூறு தடவை மன்னிப்புக் கேட்டேன்.

"சரி விடு. பேர் வெச்சாச்சா?" என்றார்.

சொன்னேன். அந்தப் பக்கம் தோசைக்கல்லில் யாரோ எதையோ கொத்திக்கொண்டிருந்தார்கள். அண்ணனுக்கு ஞாபகம் வந்துவிட்டது என்று தெரிந்தது.

"நல்ல பேருதான் தங்கச்சி" என்றார் கடைசியில். "அன்னிக்கும் நல்ல பேருதான்."

"என்கிட்ட ஏன் சொல்றீங்க?" என்று சொல்லிவிட்டு, போனைக் கொண்டுபோய் அவரிடம் நீட்டினேன். அவர் மடியில் தூங்குகிற குட்டி எழுந்துவிடாமல் ஒரு கையால் வாங்கி, கேட்கிற காதில் வைத்துக்கொண்டார்.